கடலோரமாக வீடு பார்க்கலாமா? சென்னைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவான்மியூரில் குடியிருப்பதால், வேலை மாறி சென்னைக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் வீடு தேடும்போது எனக்குப் போன் செய்வார்கள். கோயம்புத்தூர்க்காரர் கேட்பதும் பெங்களூருவிலிருந்து வருபவர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது: கடலோரம் என்பது ஒரே மாதிரியான இடம் இல்லை. முதல் தெருவுக்கும் ஐந்தாம் தெருவுக்கும், மணல் மேட்டுக்கும் அதன் பின்னால் உள்ள பள்ளத்துக்கும் வாழ்க்கை வேறு வேறு.

கடலுக்குப் பக்கத்துல இருந்தா வெயில் தெரியாதாமே, உண்மையா?

பாதி உண்மை. கோடையில் காலை பத்து, பதினொரு மணிக்கு நிலம் நன்றாகச் சூடேறிய பிறகு கடலிலிருந்து காற்று உள்ளே வரத் தொடங்கும். அது வந்துவிட்டால் அன்றைய வெப்பம் அதற்கு மேல் ஏறாது. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் ஒரே நாளில் பதிவாகும் வெப்பநிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் பல நாட்களில் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும்.

ஆனால் மேற்குக் காற்று பலமாக வீசும் மே கடைசி, ஜூன் நாட்களில் கடல் காற்று மூன்று மணி வரைகூட எழாது. அன்றைக்குக் கடற்கரைத் தெருவும் வேலூர் மாதிரிதான் காயும். இன்னொன்று, கோவைக்காரர்களுக்கு உண்மையில் கஷ்டம் தருவது பகல் வெயில் இல்லை, ராத்திரிப் புழுக்கம். பல கோடை இரவுகளில் வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது, காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை காயாது. காற்று நின்றுபோன இரவில் கரண்டும் போய்விட்டால் மொட்டை மாடிதான் கதி.

அந்தக் காற்று எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் வரும்?

சாயங்காலத்துக்குள் தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும்கூடப் போகும். ஆனால் போகப் போக தாமதமாகும், பலமும் குறையும். காற்றுக்காக மட்டும் கடலோரம் வர நினைப்பவர்கள் தூரத்தைவிட ஜன்னலைப் பாருங்கள். இந்தக் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத வீடு கடற்கரையிலிருந்து 200 மீட்டரில் இருந்தாலும் புழுங்கும்.

எல்லாம் துருப் பிடிச்சுடும்னு சொல்றாங்களே, அவ்வளவு மோசமா?

கடலைப் பார்த்த முதல் இரண்டு தெருவில் ஆமாம், அவ்வளவு மோசம்தான். அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத்துளி காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய வீடுகளில் ஜன்னல் கிரில்லுக்குக் கீழே சுவரில் செம்பழுப்பாகக் கோடு இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். அதிகம் அடிபடுவது ஏ.சி.யின் வெளி யூனிட். அதன் பின்பக்கம் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் சில வருடங்களில் வெள்ளைப் பொடியாக உதிரும். விரலால் தொட்டாலே கையோடு வரும். அப்புறம் கேஸ் கசியும், கூலிங் வராது, மெக்கானிக் வந்து காயிலையே மாற்றச் சொல்வார்.

இதற்கு வழி இருக்கிறது. வெளி யூனிட்டைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். காயிலுக்குப் பூச்சு உள்ள மாடலாக வாங்குங்கள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவக் கூடாது. ஜன்னலுக்கு இரும்பைவிட யு.பி.வி.சி. நல்லது. பால்கனிக் கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். 316 ரகம் விலை அதிகம், ஆனால் தாங்கும்.

வீட்டுக்குள்ளும் சின்னச் சின்னத் தொல்லைகள் உண்டு. அப்பளம் நமத்துப்போகும், உப்பு ஜாடி கசியும், தோல் செருப்பில் பூஞ்சை படியும். பட்டுப் புடவைகளை பீரோவில் அப்படியே வைத்துவிட்டால் ஜரிகை கறுக்கும். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்து மடிப்பு மாற்றுங்கள். நான்கைந்து தெரு உள்ளே வந்துவிட்டால், இடையில் இருக்கும் கட்டடங்களும் மரங்களும் உப்பை வாங்கிக்கொள்ளும். தொல்லை பெருமளவு குறைந்துவிடும்.

வண்டியை என்ன பண்றது?

மூடிய பார்க்கிங் இல்லாத வீட்டை முதல் தெருவில் எடுக்காதீர்கள். பைக் செயினுக்கு எண்ணெய் தவறாமல் விடுங்கள், வண்டியின் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். பீச்சுக்குப் போய் ஈர மணலில் நிறுத்தினால் அன்றைக்கே கழுவிவிடுவது நல்லது.

கடல் பக்கத்துல தண்ணி உப்பாத்தானே இருக்கும்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். திருவான்மியூரிலிருந்து தெற்கே கோவளம் வரை, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருப்பது மணல் மேடு. மழை பெய்தால் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். அதனால் கடலை ஒட்டிய பழைய கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கும், கால்வாய்க்கு மேற்கே களிமண் பகுதியில் தண்ணீர் கடுத்துக் கிடக்கும். ஆனால் இந்த நல்ல தண்ணீர் மழையை மட்டுமே நம்பியிருக்கிறது. அடுக்குமாடிகள் பெருகி இஷ்டத்துக்கு உறிஞ்சினால் உப்பு ஏறத்தான் செய்யும், ஏறிய தெருக்களும் இருக்கின்றன.

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள், விலை சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. குழாயில் வருவது மெட்ரோ வாட்டரா (குடிநீர் வாரியத் தண்ணீர்), போரா, லாரித் தண்ணீரா என்று பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் நிலைமை என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டிசம்பரில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

போரை இன்னும் ஆழமா இறக்கினா நல்ல தண்ணி வருமா?

மற்ற ஊர்களில் வரலாம். இங்கே அதைச் செய்யவே கூடாது. நிலத்தடி நீரியலில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு உறிஞ்சி மேலே 1 அடி இறங்கினால், அடியிலிருந்து உப்புத் தண்ணீர் 40 அடி ஏறி வரும். ஆழமாகப் போகப் போக நீங்கள் உப்பை நோக்கித்தான் போகிறீர்கள். ஒரு வீட்டின் ஆழமான போர் அந்தத் தெருவின் கிணறுகளையே கெடுத்துவிடலாம்.

இங்கே சரியான வழி, ஆழமில்லாத கிணறும் ஒழுங்கான மழைநீர் சேகரிப்பும்தான். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மணல் பூமியில் அதன் பலன் வேகமாகத் தெரியும். மாடியில் விழும் தண்ணீர் கிணற்றுக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பல அபார்ட்மெண்டுகளில் மழைநீர் சேகரிப்புக் குழி பேருக்குத்தான் இருக்கும்.

கடல் தண்ணியைக் குடிநீரா மாத்துறாங்களே, அப்புறம் என்ன பஞ்சம்?

மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் ஆலைகள் திறக்கப்பட்டன. 2024-ல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் சேர்ந்தது. தென் சென்னைக் கடலோரத்துக்கு இவை பெரிய துணை. ஆனாலும் நகரம் மொத்தமும் இதிலேயே குடித்துவிட முடியாது, மின்சாரச் செலவும் அதிகம். 2019-ல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) பெரியதாக உள்ள வீடா என்று பார்ப்பது இன்றைக்கும் அவசியம்.

மழை வந்தா கடலோரம்தானே முதல்ல மூழ்கும்?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் இந்த எண்ணத்தால் பலர் கடலை விட்டு விலகிப் போய்ப் பள்ளத்தில் வீடு வாங்குகிறார்கள். கடலை ஒட்டி மணல் மேடு இருக்கிறது. அதற்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாயும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் தாழ்வாகக் கிடக்கின்றன. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்துத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகக் கால்வாயில் விழுந்து, தெற்கே ஓடி முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் நிற்பது உள்ளேதான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் தவித்தவை முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம். இவற்றில் எதுவும் கடற்கரை இல்லை.

கடலோரத்தில் ஆபத்து எங்கே என்றால், ஆறும் கால்வாயும் கடலைச் சேரும் முகத்துவாரத்தில். அங்கே மணல் திட்டு சேர்ந்து வாயை அடைக்கும். கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரம் வெள்ளமும் வந்தால் தண்ணீர் வெளியேற இடமில்லாமல் திரும்பும். ஆகவே வீட்டுக்குக் கடல் எவ்வளவு பக்கம் என்று கேட்பதைவிட, பக்கத்தில் ஆறு, கால்வாய், ஏரி எங்கே, நம் தெரு அதைவிட எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் மழையிலும் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று தெருமுனை அயர்ன் கடைக்காரரிடம் விசாரியுங்கள். புரோக்கரைவிட அவர் சரியாகச் சொல்வார்.

புயல் கரையைக் கடக்கும்போது முதல் தெருவில இருக்கிறது ஆபத்தா?

காங்கிரீட் வீட்டுக்குள் இருந்தால் உயிருக்கு ஆபத்து குறைவு. கண்ணாடி, மாடியில் வைத்த தொட்டி, தகரக் கூரை, மரம் இவைதான் ஆபத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்தன, பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒன்றை மறக்காதீர்கள்: புயலின் கண் நேராகக் கடந்தால் காற்று திடீரென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வரக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

வருடா வருடம் வரும் தொல்லை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்த மூலை ஜன்னலின் அடிச்சட்டத்தைத் தடவிப் பாருங்கள். பெயிண்ட் உப்பியிருந்தால் நவம்பரில் அந்த அறைக்குள் தண்ணீர் வரும்.

சுனாமி திரும்ப வந்தா?

வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள், அதில் 6,000-க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். சென்னையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் போல, முகத்துவாரத்தையும் மணலையும் ஒட்டிய குடிசைப் பகுதிகள்தான் பேரழிவைக் கண்டன. அந்தக் காலையில் சுமத்ரா அருகே நிலம் நடுங்கி, அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு பதறும்.

இப்போது 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மறுபடி பெரிய நடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்து, கடற்கரையைக் காலி செய்தார்கள். அலை பெரிதாக வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றுதான். கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். உள்ளே ஓடுங்கள், முடியாவிட்டால் உறுதியான கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறுங்கள்.

மீன் ரொம்ப மலிவா கிடைக்குமா?

மலிவைவிட, புதுசாகக் கிடைக்கும். ஊரூர் குப்பம், நொச்சிக்குப்பம் பக்கம் காலையில் ஃபைபர் படகு கரையேறியதும் நெத்திலி, மத்தி, சங்கரா, கானாங்கெளுத்தி அங்கேயே விற்கும். வஞ்சிரமும் வவ்வாலும் இங்கேயும் விலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது எல்லா மீனும் விலை ஏறும். விற்கும் அக்காவிடம் வாடிக்கையாக வாங்குங்கள், எந்த மீன் இன்றைக்கு வந்தது, எது ஐஸ் என்று அவரே சொல்லிவிடுவார். நமக்குக் காற்று வாங்கும் இடம் அவர்களுக்கு வலை உலர்த்தும் இடம், பிழைக்கும் இடம். குடிவந்து ஒரு மாதத்தில் 'நாற்றம்' என்று புகார் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாங்க சைவம். வாடை தாங்குமா?

குப்பத்தையும் மீன் சந்தையையும் விட்டு இரண்டு தெரு தள்ளினால் தெரியாது. கடலுக்கென்று தனியாக நாற்றம் கிடையாது. நாற்றம் வந்தால் பெரும்பாலும் அது கழிவுநீர் கலக்கும் கால்வாயிலிருந்து வரும்.

பிள்ளைங்க தினமும் கடல்ல குளிக்கலாமா?

கூடாது. மெரினாவில் குளிக்கவே தடை இருக்கிறது, காரணம் உண்டு. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சட்டென்று விழும், திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளையும் இழுக்கும். நீச்சல் தெரிந்த கல்லூரிப் பையன்கள்கூட இப்படி மூழ்கி இறந்திருக்கிறார்கள். கணுக்கால் நனைவது போதும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். குழந்தைகளை ஒரு இரவு அழைத்துப் போங்கள். கடல் பார்த்த வீட்டுக்காரர்கள் அந்த மாதங்களில் வெளி விளக்கை அணைத்து வையுங்கள். பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ரோட்டுக்கு வந்துவிடும்.

அப்பாவுக்கு ஆஸ்துமா. கடல் காற்று நல்லதா கெட்டதா?

ஆளுக்கு ஆள் மாறும். வண்டிப் புகையும் தூசியும் குறைவதால் சிலருக்கு மூச்சு லேசாகும். நவம்பர், டிசம்பர் ஈரத்தில் சுவரில் பூஞ்சை பிடித்தால் சிலருக்கு இழுப்பு அதிகமாகும். டாக்டரிடம் கேட்டுவிட்டு, முடிந்தால் மே மாதத்தில் ஒரு வாரமும் நவம்பரில் ஒரு வாரமும் இங்கே தங்க வைத்துப் பாருங்கள். ஜனவரியில் வந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஜனவரியில் சென்னை யாருக்கும் பிடிக்கும்.

கடல் காற்றில் அயோடின் இருக்கிறது, தைராய்டு வராது என்ற பேச்சை நம்பி அயோடின் உப்பை நிறுத்த வேண்டாம்.

பழைய ஃபிளாட் வாங்கலாம்னு இருக்கோம். எதைப் பார்க்கணும்?

மேலே துருவைப் பற்றிச் சொன்னது காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் பொருந்தும். உப்பு மெல்ல உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, கம்பியைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் காங்கிரீட் வெடித்துப் பெயரும். கார் பார்க்கிங்கின் மேல்கூரை, பால்கனியின் அடிப்பக்கம், தூணின் மூலை, மாடித் தொட்டியின் கீழே, இந்த நான்கு இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பியின் நீளத்துக்கு நேர்கோடாக விரிசல் ஓடினால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புதிதாகப் பூசி வெள்ளையடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போகும் செலவு வீண் போகாது.

புதுக் கட்டடம் என்றால் பில்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி கடலோரச் சூழலில் வெளிப்படும் காங்கிரீட் குறைந்தது எம்-30 என்ற வலிமைத் தரத்தில் இருக்க வேண்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல் வேண்டும். அலைத்துளி நேராகப் படும் இடமென்றால் எம்-35, 50 மில்லிமீட்டர். கட்டும்போதே சரியாகச் செய்த வீடு கடலோரத்திலும் நீண்ட காலம் நிற்கும்.

சி.ஆர்.இசட்.னு பயமுறுத்துறாங்க. அது என்ன?

கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் தொடும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையும், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு, கழிமுகங்களின் கரையோரமும் இதில் வரும். எல்லா இடத்திலும் கட்டத் தடை கிடையாது. நகருக்குள், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ கடல் பக்கமாகப் புதிதாகக் கட்ட முடியாது, நிலப்பக்கம் அனுமதியோடு கட்டலாம். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் மனையை மலிவாகத் தருகிறார்கள் என்றால் முதலில் சி.ஆர்.இசட். வரைபடத்தில் சர்வே எண்ணைப் பாருங்கள். பட்டா இருப்பதும் கட்ட அனுமதி கிடைப்பதும் வேறு வேறு.

கடல் வருஷா வருஷம் உள்ளே வருதாமே?

சில இடத்தில் வருகிறது, சில இடத்தில் விலகியிருக்கிறது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அதைக் குறுக்கே எது தடுத்தாலும், தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர் வேலை 1876-ல் தொடங்கியது. அதற்குத் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரை அரிபட்டது. அங்கே இன்று பாறாங்கல்லும், மணலைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவும்தான் கரை. 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் வந்த பிறகு புதுச்சேரியும் இப்படித்தான் மணலை இழந்தது.

வடசென்னை மக்கள் கடலோர வாழ்வின் சுமையை மற்றவர்களைவிட அதிகம் சுமக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அனல் மின் நிலையங்களின் சாம்பல் எண்ணூருக்கு, 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் எண்ணூருக்கு. அதை வாளியால் அள்ளியவர்களில் அந்த மீனவர்களும் இருந்தார்கள்.

அப்போ முப்பது வருஷத்துல சென்னை மூழ்கிடும்னா, வீடு வாங்கறது முட்டாள்தனமா?

1901-லிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வேகம் கூடிவருகிறது, 2006-லிருந்து 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் அளவுக்கு. ஒரு நாள் காலையில் எழுந்தால் வீட்டுக்குள் கடல் இருக்கும் என்பதில்லை. முன்னால் வருவது வேறு. கடல் மட்டம் ஏறினால் மழைநீர் வடிய இன்னும் தாமதமாகும், முகத்துவாரத் தொல்லை கூடும். மேலே சொன்ன நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் சமநிலை கெடும். அரிக்கும் கரை வேகமாக அரிக்கும்.

பென்ஷன் பணம் மொத்தத்தையும் முதல் தெரு வீட்டில் போடாதீர்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். வாடகைக்கு இருப்பவருக்கு இந்தக் கவலை பெரிதில்லை.

கடல் தெரியிற பால்கனிக்குக் கூடுதல் வாடகை கொடுக்கலாமா?

என் கணக்கில் கூடாது. கடலைப் பார்க்கும் ஆசை மூன்று மாதத்தில் பழகிவிடும், உப்பு பழகாது. பல வீடுகளில் அந்தப் பால்கனி வருடம் முழுக்கக் கண்ணாடி மூடியே கிடக்கும்.

நீங்களா இருந்தா எந்த வீட்டை எடுப்பீங்க?

கடலிலிருந்து நான்கைந்து தெரு உள்ளே, ஆனால் பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே, மணல் மேட்டில். இரண்டாம் மாடி, கிழக்கிலோ தெற்கிலோ ஜன்னல். உப்பில்லாத திறந்த கிணறு, மழைநீர் அதில் விழ வேண்டும். மூடிய பார்க்கிங். பீச்சுக்கு நடந்தே போகலாம், பத்து நிமிடம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு முறை மதியம் மூன்று மணிக்குப் போய், ஃபேனை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.